எல்லாச் சாட்சிகளும் ஒரே மாதிரிப் பேசினால்

அன்புள்ள ஐயா,
உண்மை வழக்குகளை வைத்துக் குற்றக்கதைகள் எழுதுகிறேன். இணைத்திருக்கும் கதை சென்னையில் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கைத் தழுவியது. 'செய்தித்தாள் படித்ததுபோல இருக்கிறது' என்கிறார்கள் நண்பர்கள். எனக்கென்று ஒரு நடை வர என்ன செய்ய வேண்டும்? தன்மையில் எழுதலாமா? பெயர்களை மாற்றினால் போதுமா?
செ., விருதுநகர்

அன்புள்ள தம்பி,

உழைத்திருக்கிறீர்கள், தெரிகிறது. 1952 ஆகஸ்ட், ராயபுரம் வீடு, போட் மெயில் ரயில், மானாமதுரையில் திறந்த டிரங்குப் பெட்டி, கடற்கரையில் கிடைத்த தலை என்று எதுவும் விட்டுப்போகவில்லை. கோளாறே அதுதான்.

பெயர் விஷயத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். தன்மையா படர்க்கையா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

உங்கள் நண்பர்கள் சொன்னது பாதிதான் சரி. அது போலீஸ் நிலையத்து நடை. என் பெரியப்பா கடலோர ஊர் ஒன்றில் நிலைய ரைட்டராக இருந்தவர். சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், அன்றைக்கு வந்த சாட்சிகளை நடித்துக் காட்டுவார். ஒரு மீன்கார அம்மாள், கொலை நடந்த வீட்டைப் பற்றிக் கேட்டால், அந்த வீட்டுக்காரர் வைத்துப்போன வஞ்சிரம் பாக்கியிலிருந்துதான் தொடங்குவாராம். இல்லாத சும்மாட்டைத் தலையில் சரிசெய்துகொண்டு பெரியப்பா பேசப் பேச, எங்களுக்கு வயிறு வலிக்கும். அதே மனிதர் நிலையத்தில் எழுதியது இது: "நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து மீன் வியாபாரம் செய்து வருகிறேன். சம்பவத்தன்று காலை சுமார் ஏழு மணியளவில்..." டாக்டரும் பள்ளிக்கூடத்துப் பையனும்கூட அவர் பேனாவில் இப்படித்தான் வாய் திறப்பார்கள். அவர் வேலை அப்படி. அந்த வாக்குமூலத்தை நிருபர் சுருக்கினார். நிருபரிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் கதையில் ரயில் பயணி, "பெட்டியிலிருந்து துர்நாற்றம் வீசியதைத் தொடர்ந்து" என்று முறையிடுகிறார். மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பவன் எந்த ஊரில் இப்படிப் பேசுவான்? கொஞ்சமாவது காது வேண்டாமா?

தலையில்லாத உடலைச் சொல்லி நான்கு இடங்களில் பயமுறுத்துகிறீர்கள். அதை யார் எழுதினாலும் ஒன்றுதான். செத்துப்போன ஆளவந்தார் பேனா வியாபாரி. சைனா பஜாரில் ஜெம் அண்ட் கோ கடையை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பேனாவை வாங்கிக் காகிதத்தில் கிறுக்கிப் பார்த்து, நிப் கீறுகிறது என்று திருப்பிக் கொடுத்த ஆள் ஒருவன் இருந்திருப்பான் இல்லையா? செய்தி வந்த அன்று அவன் வீட்டில் என்ன பேசியிருப்பான்? பல் வரிசையையும் காதுத் துளையையும் வைத்து அடையாளம் கண்டார்கள். மருத்துவருக்கு அது தடயம். மனைவிக்கு? தூங்கும்போது பக்கத்திலிருந்து பார்த்த காது அது. நீங்களோ "மனைவி அடையாளம் காட்டினார்" என்று அரை வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். இறந்தவரின் நடத்தை சரியில்லை என்று நீதிமன்றத்தில் விரிவாகப் பேசப்பட்டது. நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர், அவரும் கதையும் நாடகமும் எழுதியவர், கொன்ற ஆணுக்கு 7 ஆண்டும் உடனிருந்த பெண்ணுக்கு 3 ஆண்டும் கொடுத்தார். தண்டனை குறைவென்று அந்த மனைவிக்குத் தோன்றியதா, இல்லை கணவர் மீதுதான் கோபமா? பக்கத்து வீட்டுப் பெண்கள் விசாரிக்க வந்தபோது அவர் கதவைத் திறந்தாரா? இதெல்லாம் எந்த வழக்குக் கட்டிலும் இருக்காது, தம்பி.

அந்தக் கதவருகே நிற்கும் பக்கத்து வீட்டுக்காரியை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதுங்கள். அவள் பேச்சில் "மேற்படி" வரக்கூடாது. தட்டச்சு செய்தே அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தோடு மல்லாட என் கண்ணால் ஆகாது.