பழைய கார், ஒற்றைச் சாவி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எட்டு ஆண்டுகள் ஓடிய கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். விற்றவர் ஒரே ஒரு சாவியைத்தான் கொடுத்தார். இன்னொன்று எப்போதோ தொலைந்துவிட்டது என்றார். சாவி செய்பவரிடம் கொடுத்து அதே போல் ஒன்று வெட்டி வாங்கினேன். புதிய சாவி கதவைத் திறக்கிறது, இக்னிஷனிலும் சிக்காமல் திரும்புகிறது. ஆனால் இன்ஜின் ஓரிரு விநாடி உறுமிவிட்டு அணைந்துவிடுகிறது. காரில்தான் கோளாறு என்று அவர் சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: காரில் கோளாறு இல்லை, வெட்டியவரின் கைவேலையிலும் அநேகமாகக் குறை இல்லை. பல்வெட்டு மட்டும் உள்ள சாவி உங்கள் காருக்குப் பாதிச் சாவிதான். மீதிப் பாதி, பழைய சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய சிப்பாக அடங்கியிருக்கிறது. டிரான்ஸ்பாண்டர் என்பது அதன் பெயர். இக்னிஷன் பூட்டின் வாயைச் சுற்றி ஒரு செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருளில், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில், ஒரு மின்காந்தப் புலம் எழுகிறது. சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை அந்தப் புலத்திலிருந்தே எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்கிறது. அந்த அடையாளம் காரின் பதிவில் இருந்தால்தான் இம்மொபிலைசர் என்னும் காவல் அமைப்பு இன்ஜினைத் தொடர்ந்து ஓடவிடுகிறது. இல்லாவிட்டால் நீங்கள் கண்டது போல ஓரிரு விநாடிகளில் அணைத்துவிடும். சில கார்களில் ஸ்டார்ட்டர்கூடச் சுழலாது. அப்போது டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு மின்னுவதையும் கவனித்திருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதலும், ஆஸ்திரேலியாவில் 2001 முதலும், கனடாவில் 2007 முதலும் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது. பிற நாடுகளிலும் பல நிறுவனங்கள் இதைத் தாமாகவே பொருத்தி வந்திருக்கின்றன.

நான் சொல்வதை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். புதிய சாவியை இக்னிஷனில் நுழைத்து, பழைய சாவியின் தலையைப் பூட்டின் விளிம்போடு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் சீராக ஓடினால் வெட்டு சரி, சிப் ஒன்றே குறை என்பது தெளிவாகிவிடும். இதைப் பார்த்துவிட்டு, பழைய சாவியின் சிப்பைக் கழற்றி ஸ்டியரிங் மூடிக்குள் நிரந்தரமாக ஒட்டிவிடலாமே என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். அதன் பிறகு உங்கள் காரைக் கிளப்ப, பூட்டை நெம்பத் தெரிந்த எவருக்கும் ஒரு திருப்புளி போதும்.

செய்ய வேண்டியது, சரியான சிப் உள்ள சாவியை வாங்கி, வெட்டி, காரில் பதிவு செய்வதுதான். ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில்கூட ஆண்டு மாறினால் சிப்பின் வகை மாறிவிடும். சாவியின் தலை பார்வைக்கு ஒன்று போலவே இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். ஆகவே காரின் 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாங்குவதே பாதுகாப்பு. ரிமோட் உள்ள சாவியானால் அதன் அலைவரிசையையும் பாருங்கள். சில நாடுகளில் 315 மெகாஹெர்ட்ஸ், வேறு சிலவற்றில் 433.92 மெகாஹெர்ட்ஸ் என்று பயன்படுத்துகிறார்கள்; ஒன்றுக்காகச் செய்த ரிமோட் மற்றொன்றில் வேலை செய்யாது.

வெட்டும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. எட்டு ஆண்டுகள் தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் எடுத்தால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். உங்கள் பழைய சாவியை வெளிச்சத்தில் பிடித்து, பல்லின் முனைகளை நகத்தால் வருடிப் பாருங்கள். கூர்மையாக இருந்திருக்க வேண்டிய மேடுகள் வழவழப்பாகியிருக்கும். கார் புதிதாக வந்தபோது சாவியோடு ஒரு சிறு உலோகத் தகட்டிலோ அட்டையிலோ சாவி எண் தரப்பட்டிருக்கும். அது விற்றவரின் வீட்டில் ஏதாவது இழுப்பறையில் கிடக்கக்கூடும், இன்றே கேட்டுவிடுங்கள். அந்த எண்ணைக் கொண்டு வெட்டினால் தொழிற்சாலையிலிருந்து வந்த அளவிலேயே புதிய சாவி அமையும். எண் கிடைக்காவிட்டால், உரிமைப் பத்திரங்களைக் காட்டி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் கேட்கலாம்.

பதிவு செய்வதற்கு இரண்டு வழிகள் சொல்வார்கள். ஒன்று, டேஷ்போர்டின் அடியில் உள்ள 16 முனைகள் கொண்ட ஓ.பி.டி. இணைப்பில் (கோளாறு கண்டறியும் கருவிகளை மாட்டும் இடம்) கருவியைப் பொருத்தி, பாதுகாப்பு எண்ணை உள்ளிட்டு, புதிய சாவியைத் தனிச் சாவியாகவே காரின் நினைவகத்தில் சேர்ப்பது. மற்றொன்று, பழைய சிப்பின் அடையாளத்தை அப்படியே புதிய சிப்பில் நகலெடுப்பது. இதற்குக் காரைத் தொடவே வேண்டியதில்லை, நேரமும் குறைவு. நான் முதல் வழியையே சொல்வேன். நகல் சாவியைக் கார் வேறு சாவியாக அறியாது. நாளை அது தொலைந்தால், அதை மட்டும் நீக்க முடியாது. நீக்கினால் மூலச் சாவியும் செத்துவிடும். பதிவு செய்யும்போது காரின் பேட்டரி நல்ல நிலையில் இருப்பது மிக முக்கியம். மின்னழுத்தம் இறங்கி வேலை பாதியில் நின்றுபோனால் கட்டுப்பாட்டுப் பெட்டியே செயலிழக்க நேரலாம். அதனால் கவனமான தொழில்நுட்பர் முதலில் மின்வழங்கி ஒன்றை பேட்டரியில் இணைத்துவிட்டுத்தான் தொடங்குவார்.

இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபோர்டு நிறுவனத்தின் பல பழைய மாடல்களில், ஏற்கெனவே பதிவான இரண்டு சாவிகளை ஒன்றன்பின் ஒன்றாக நுழைத்துத் திருப்பி, சில விநாடிகளுக்குள் மூன்றாவதைத் திருப்பினால் கருவி எதுவும் இல்லாமலே அதுவும் பதிவாகிவிடும். கையில் ஒரே சாவி இருந்தால் இந்த வழி மூடிவிடுகிறது. அந்த ஒன்றும் தொலைந்தாலோ எந்த மாடலாயினும் வேலை பன்மடங்கு கடினமாகிறது: காரை இழுவை வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கும், பூட்டைப் பிரித்து வெட்டளவு எடுக்க வேண்டியிருக்கும், சில கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: பழைய கார் வாங்கிய எனக்கு இரண்டு சாவிகள் கிடைத்தன. ஆனால் முன்னாள் உரிமையாளரிடமோ, அவருக்கும் முன்பு வைத்திருந்தவரிடமோ இன்னொரு சாவி இருக்காது என்று எப்படி நம்புவது?

பதில்: நம்பிக்கையை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை, பல கார்களில் அதைக் காரிடமே கேட்கலாம். நான் முன்பு ஒரு பழைய கார் வாங்கியபோது விற்றவர் இரண்டு சாவிகளை என் கையில் வைத்து, இவ்வளவுதான் என்றார். பதிவுக் கருவியை இணைத்துப் பார்த்தபோது திரையில் 3 என்று நின்றது. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கே தெரியாத ஒரு சாவி, முதல் உரிமையாளரின் காலத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாளே பதிவான சாவிகள் அனைத்தையும் நீக்கச் செய்து, என்னிடம் இருந்த இரண்டை மட்டும் மீண்டும் சேர்த்தேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். அந்த வேலைக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்; விட்டுச் செல்லும் சாவி அதன்பின் இன்ஜினைக் கிளப்பாது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நீக்கப்பட்ட சாவியால் காரை ஓட்டிச் செல்ல முடியாதே தவிர, அதன் இரும்புப் பல் கதவை இன்னும் திறக்கும். காருக்குள் விலையுயர்ந்த பொருள்களை வைத்துச் செல்லும் வழக்கம் உள்ளவர்கள் கதவுப் பூட்டின் உருளையையும் மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: சாவியின் உறை உடைந்துவிட்டதால் புதிய உறை வாங்கி, ரிமோட்டின் சிறு பலகையையும் இரும்புப் பல்லையும் அதற்குள் மாற்றினேன். கதவு ரிமோட்டால் திறக்கிறது, கார் கிளம்பவில்லை. பலகை பழுதாகிவிட்டதா?

பதில்: பழைய உறையைக் குப்பையில் போட்டிருந்தால் முதலில் அதைத் தேடி எடுங்கள். பல சாவிகளில் சிப் அந்தப் பலகையில் இருப்பதில்லை. உறையின் ஒரு மூலையில், தனிக் குழிக்குள், கருப்புக் கரித்துண்டு போலவோ சிறு கண்ணாடிக் குப்பி போலவோ செருகப்பட்டிருக்கும். பழைய பிளாஸ்டிக்கை மெல்லச் சீவிப் பிரித்து அதை எடுத்துப் புதிய உறையில் வையுங்கள். கண்ணாடி வகையை இடுக்கியால் அழுத்தாதீர்கள். நொறுங்கினால் திரும்பப் பெற முடியாது.

கேள்வி: என் கார் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வகை. வேறொரு காரின் பழைய ஸ்மார்ட் சாவி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிப் பதிவு செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இவ்வகைச் சாவிகளில் பல, முதல் காரோடு பதிவானதும் பூட்டிக்கொண்டுவிடும். வேறு காரில் சேராது. சிப்பை மீட்டமைத்து விற்பவர்கள் உண்டு என்றாலும், உங்கள் காரில் சேர்த்துக் காட்டிய பிறகே பணம் தருவேன் என்ற நிபந்தனைக்கு அவர் ஒப்பினால் மட்டும் யோசியுங்கள். புதிய சாவி வந்ததும் அதன் பட்டன் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு முறை காரைக் கிளப்பிப் பாருங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் அவசரச் சாவியால் கதவைத் திறந்து, சாவியின் உடலை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் பல கார்களில் இன்ஜின் கிளம்பும்; சில மாடல்களில் அதற்கென்று தனிக் குழியோ குறியிட்ட இடமோ இருக்கும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.