தைத்த கப்பலுக்குத் தைத்த புத்தகம்

கேள்வி: 2010இல் 'ஜுவல் ஒஃப் மஸ்கட்' பாய்க்கப்பல் காலித் துறைமுகத்துக்கு வந்தபோது, அங்கே வேலை செய்த என் அண்ணன் நிறையப் படங்கள் எடுத்தார். அவற்றைக் கையாலேயே புத்தகமாகச் செய்து அவருக்குக் கொடுக்க ஆசை. தாள்களைப் பசையால் ஒட்டினால் போதுமா?
- வாசகி, ஹட்டன்

பதில்: ஒட்ட வேண்டாம் தங்கச்சி, தையுங்கள். நம் மலைநாட்டு ஈரத்தில் மாப்பசை பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளிப்பூச்சியும் தேடி வரும்.

இன்னொரு காரணம் அந்தக் கப்பலேதான். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலை மாதிரியாக வைத்து ஓமானில் கட்டினார்கள். பலகைகளை இணைக்க ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அப்படித் தைத்த கப்பல் மஸ்கட்டிலிருந்து கொச்சி, காலி வழியாகச் சிங்கப்பூர் வரை போய்ச் சேர்ந்தது! அதன் படங்களுக்குத் தையல்தானே பொருத்தம்?

நான்கு நான்கு தாள்களாக மடித்து, மடிப்பில் ஊசியால் துளையிட்டு, தேன்மெழுகு தடவிய தடித்த நூலால் கட்டுக்கட்டாகக் கோத்துத் தையுங்கள். தாளின் இழை, அதாவது அதன் நார்கள், புத்தகத்தின் தைத்த முதுகுக்கு இணையாக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் ஈரத்தில் பக்கங்கள் நெளியும். எந்தப் பக்கம் இலகுவாக மடிகிறதோ, அதுதான் இழையின் திசை.

முழுக் கப்பலும் தெரியும் படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரிக்க ஆசை வரும். அப்போது பாய்மரம் நடு மடிப்பில் விழாமல் பாருங்கள், விழுந்தால் படமே கெட்டுப்போகும். கயிற்றுத் தையல் நெருக்கமாகத் தெரியும் படங்கள் இருந்தால் அவற்றுக்கே அதிக இடம் கொடுங்கள். துறைமுகக் கூட்டம் ஒரு பக்கம் போதும். அப்புறம், தைக்கும் வேலையைப் பனி விலகிய வெயில் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.