வாகனக் கேள்வி-பதில்: விளக்கு, குரூஸ் கொன்ட்ரோல், டிக்கிச் சுமை

கேள்வி: எங்களிடம் சுசுகி வேகன் ஆர் கார் ஒன்று இருக்கிறது. இரவில் எப்போதும் டிம்மில்தான் ஓட்டுகிறேன். ஆனாலும் குடும்பத்தோடு சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய்வரும் நாட்களில், எதிரே வருபவர்கள் லைட்டை அடித்து எச்சரிக்கிறார்கள். தனியாக வேலைக்குப் போகும்போது அப்படி நடப்பதில்லை. பல்பை மாற்ற வேண்டுமா? (களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: பல்பில் கை வைக்க வேண்டாம். தனியாகப் போகும்போது இல்லாத குறை ஆட்களும் சாமான்களும் ஏறியபின் மட்டும் தோன்றுகிறது என்றால், பழுது விளக்கில் இல்லை, காரின் சாய்வில் இருக்கிறது. பின்னிருக்கையில் இருவரும் டிக்கியில் இரண்டு அரிசி மூடைகளும் ஏறியவுடன் பின்புறம் தாழ்ந்து முன்புறம் சற்று உயரும்; அதோடு சேர்ந்து டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பும் உயரும். முறையாகச் சீர்செய்த விளக்கில் அந்த விளிம்பு 10 மீற்றர் தூரத்தில் விளக்கின் உயரத்தைவிட ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்கும். கார் ஒரேயொரு பாகை நிமிர்ந்தாலே அதே தூரத்தில் வெளிச்சம் 17 சென்ரிமீற்றர் மேலே போய்விடும். தாழ்ந்து விழ வேண்டிய ஒளி எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணில் படுவது இப்படித்தான்.

இதற்கான ஏற்பாடு உங்கள் காரிலேயே இருக்கக்கூடும். ஹலஜன் விளக்குள்ள பெரும்பாலான ஜப்பானியக் கார்களில், ஸ்டியரிங்குக்கு அருகே டாஷ்போர்ட்டின் கீழ்ப்பகுதியில், 0 இலிருந்து தொடங்கி இலக்கமிட்ட சிறு திருகு ஒன்று இருக்கும். பலர் வாங்கிய நாள் முதல் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள், விற்பவர்களும் சொல்லிக்கொடுப்பதில்லை. சாரதி மட்டும் இருக்கும்போது 0 இல் வைக்க வேண்டும். இலக்கம் கூடக்கூட வெளிச்சம் தாழும். எந்தச் சுமைக்கு எந்த இலக்கம் என்பதை மாலையில் ஒரு மதிலுக்கு முன்னால் நீங்களே கண்டுபிடிக்கலாம். சமதரையில் மதிலிலிருந்து 10 மீற்றர் தள்ளிக் காரை நிறுத்தி, நீங்கள் மட்டும் அமர்ந்து, டிம் லைட்டின் மேல்விளிம்பு விழும் இடத்தில் சிறிது டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டாரையும் சாமான்களையும் ஏற்றி, விளிம்பு மீண்டும் டேப்புக்கு இறங்கும்வரை திருகைத் திருப்புங்கள். அந்த இலக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். சாமான்களை இறக்கியபின் 0 க்குத் திருப்பாமல் விட்டால் உங்களுக்கு முன்னால் வெளிச்சம் குறுகிவிடும். அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயும் நெல்லையும் அதற்குக் காவலாக வைத்த கல்லையும் கிட்டப் போன பிறகுதான் காண்பீர்கள்.

எல்.ஈ.டி ஹெட்லைட்டுள்ள கார்கள் பலவற்றில் இந்தச் சரிசெய்தல் தானாகவே நடப்பதால் திருகு இருக்காது. அப்படியான காரை வாங்கும்போது, பின்புறத்தில் இரண்டு பேரை ஏற்றி வெளிச்சம் தானாகத் தாழ்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: 2022 ஆம் ஆண்டு ஹொண்டா வெசல் வாங்கினோம். மேகமூட்டமான பகலிலும் ஹெட்லைட் எரிகிறது. ஓடும்போது அணைக்கவும் முடியவில்லை. சென்சர் பழுது, மாற்ற வேண்டும் என்று ஒரு கராஜில் சொல்கிறார்கள். (ஏறாவூர் வாசகி)

பதில்: மாற்றாதீர்கள். ஜப்பானில் 2020 ஏப்ரலுக்குப் பின் அறிமுகமான மாதிரிகளில், சுற்றுப்புற ஒளி 1000 லக்ஸுக்குக் கீழே குறைந்தால் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்பதும், ஓடும்போது சாரதி அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பதும் சட்டம். உங்கள் கார் அந்தச் சட்டத்தின்படி செய்யப்பட்டது. இருண்ட மழைநேரத்தில் உங்களைப் பிறர் காண்பதற்கு இது நல்லதே.

வெட்டவெளியில் உச்சி வெயிலிலும் எரிந்தால் மட்டும் ஒன்றைப் பாருங்கள். ஒளியை உணரும் சிறு கறுப்புக் குமிழ் பெரும்பாலும் டாஷ்போர்ட்டின் மேலே கண்ணாடியை ஒட்டியோ, கண்ணாடியின் உட்பக்கத்திலோ இருக்கும். வெயிலுக்காக விரித்த துணியோ பிள்ளையார் சிலையோ அதை மறைத்திருந்தால், கார் இருட்டு என்றே எண்ணிக்கொள்ளும். செலவில்லாத வைத்தியம், துணியை அகற்றுவதுதான்.

கேள்வி: மாதத்தில் ஓரிரு தடவை கொழும்புக்குப் போகிறேன். ஒரே வயதுடைய இரண்டு டொயோட்டா கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ராடர் குரூஸ் கொன்ட்ரோலும் (குறித்த வேகத்தில் தானே ஓடும் வசதி) தானியங்கி ஹை பீமும் (தூர வெளிச்சம்) உண்டு. அதற்குக் கணிசமாகக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா? வாங்கினால் எங்கே, எப்படிப் பயன்படுத்துவது? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: நீங்கள் எந்த வழியாகப் போகிறீர்கள் என்பதில்தான் இதற்கான விடை இருக்கிறது. சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய ஊடாக இறங்கி மத்தலயில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறுபவரானால், அங்கிருந்து கொழும்பு எல்லைவரை 200 கிலோமீற்றருக்கு மேல் அந்த வசதி உங்களுக்கு உழைக்கும். கூடுதல் விலையில் பேரம் பேசி வாங்கலாம். ஹபரணை, தம்புள்ளை வழியாகப் போகிறவருக்கு 2022 இல் திறக்கப்பட்ட குருநாகல்–மீரிகம பகுதி மட்டுமே பயன்படும். மகியங்கனை, கண்டி வழியாகப் போகிறவர் அந்தப் பணத்தை நல்ல டயருக்குச் செலவிடலாம் என்பது என் கருத்து. கிழக்குக் கரையோர வீதியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கல்லடியிலிருந்து கல்முனைக்கும் அப்பால் ஊரோடு ஊர் ஒட்டிக்கிடக்கும் அந்த வீதியில் பாடசாலை, சந்தை, பள்ளிவாசல், கோயில் என்று ஆட்கள் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பார்கள். அங்கே குரூஸை இயக்குவது காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பதற்குச் சமம்.

சாதாரண குரூஸும் ராடர் குரூஸும் ஒன்றல்ல என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சாதாரணமானது நீங்கள் குறித்த வேகத்தைக் காப்பாற்றுமே தவிர, முன்னால் லொறி இருக்கிறதா என்று பார்க்காது. ராடர் குரூஸ் முன்னே போகும் வாகனத்தைக் கண்டு வேகத்தைக் குறைக்கும். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வாகனம், மோட்டார் சைக்கிள், விலங்கு ஆகியவற்றை அது கண்டுகொள்ளாமல் போகலாம் என்று உற்பத்தியாளர்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன. பின்விளக்கு இல்லாத லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தையும் வீதியில் படுத்திருக்கும் மாட்டையும் நம் பகுதியில் ஓட்டுகிறவருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இயக்கும் முறை இது. பிரதான பொத்தானை அழுத்தியதும் மீற்றரில் அடையாளம் தோன்றும். விரும்பிய வேகத்தை எட்டியதும் 'செட்' பொத்தானை அழுத்தினால் அந்த வேகம் நிலைக்கும். பிரேக்கைத் தொட்டாலே விடுபடும். 'ரெஸ்' பொத்தான் பழைய வேகத்தை மீட்டுத் தரும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் 100 இல் குறித்துவிட்டு இறங்கி, வேக எல்லை 50 ஆக உள்ள ஊருக்குள் வந்தபின் விரல் தவறி 'ரெஸ்' மேல் பட்டால், கார் அந்த 100 ஐ நோக்கி ஓட முனையும். ஆகவே வெளிவாயிலில் பணம் கட்டும்போதே பிரதான பொத்தானை அணைத்துவிடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மழையில் பயன்படுத்தவே வேண்டாம். தேங்கிய நீரில் சில்லு இழுபடும்போது வேகம் குறைவதைக் கண்டு குரூஸ் இன்னும் உந்தும். உங்கள் காலோ அப்போது பெடலில் இருக்காது. நவம்பரிலிருந்து ஜனவரிவரை நம் வீதிகள் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நேரான வீதியாயிற்றே என்று புணாணை, வெலிகந்தைப் பக்கம் இரவில் 70 இல் குறித்துவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. 70 இல் ஒரு செக்கனுக்கு 19 மீற்றர் போகிறீர்கள். கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரைச் செக்கனும், அதன்பின் கார் நிற்பதற்கான தூரமும் சேர்ந்தால், உலர்ந்த வீதியிலும் 55 மீற்றருக்குக் குறையாது. டிம் லைட் தெளிவாகக் காட்டுவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். யானை கடக்கும் வீதியில் மிச்சம் எதுவும் இல்லாத கணக்கு அது. அங்கே குரூஸை அணைத்து, எதிரே வாகனம் இல்லாத இடங்களில் ஹை பீமைக் கையாலே போட்டு, வேகத்தையும் குறைத்து ஓட்டுங்கள். தானியங்கி ஹை பீம் எதிரே விளக்குள்ள வாகனத்தைக் கண்டால்தான் டிம்முக்கு மாறும். விளக்கில்லாத மிதிவண்டியில் வருபவரின் கண்ணை அது கூசவைத்துக்கொண்டேயிருக்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை இரண்டு. ஹை பீமுக்கும் குரூஸுக்கும் உதவும் கமரா முன்கண்ணாடியின் உட்பக்கத்தில், மேல் நடுப்பகுதியில் இருக்கிறது. கண்ணாடி மாற்றப்பட்டிருந்தால், அதன்பின் கமரா அளவுதிருத்தம் செய்யப்பட்டதற்கான பற்றுச்சீட்டைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். மற்றையது ராடர். டொயோட்டாவின் பல மாதிரிகளில் அது முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அழகுக்காகப் பளபளக்கும் வேறு சின்னம் ஒட்டியிருந்தால் அந்தக் காரின் குரூஸை நம்ப வேண்டாம். மாமாங்கக் கோயிலில் பூசை செய்துகொண்டு வருபவர்கள் சின்னத்தின்மேல் அப்பிய சந்தனத்தையும் அதற்கு மேலே தொங்கும் மாலையையும், கண்ணாடியில் கமராவுக்கு முன்னால் இட்ட பொட்டையும் வீடு வந்ததும் துடைத்துவிடுங்கள். எலுமிச்சம்பழத்தால் ராடருக்கு ஒரு கெடுதியும் இல்லை.

கேள்வி: 2014 ஆம் ஆண்டு டொயோட்டா அக்வாவில் வெள்ளாமை வெட்டும் காலத்தில் நெல் மூடைகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். பின்னிருக்கையை மடித்தால் மூன்று மூடை கொள்கிறது. ஹைபிரிட் பற்றரி சூடாகிறது என்று எச்சரிக்கை வருகிறது. (சம்மாந்துறை வாசகர்)

பதில்: அக்வாவின் ஹைபிரிட் பற்றரி பின்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கையின் பக்கத்திலுள்ள சிறு துவாரத் தட்டியின் வழியாகவே உள்ளே போகிறது. மூடையோ பாயோ பையோ அந்தத் தட்டியை அடைத்தால் காற்று நின்று பற்றரி சூடேறும். நெல்லின் உமியும் தூசும் உள்ளே இழுபட்டால் அதைச் சுழற்றும் விசிறியும் அடைபடும். கராஜுக்குக் கொண்டுபோய் விசிறியைச் சுத்தம் செய்வியுங்கள். அது பற்றரி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஈரமான மீன் பெட்டியை, அதிலும் உப்புநீர் கசியும் இறால் பெட்டியை, அந்த இடத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

எடையையும் பாருங்கள். ஜப்பானிய ஆவணங்கள் ஓர் ஆளுக்கு 55 கிலோ வீதம் கணக்கிட்டே காரின் மொத்த எடையைக் குறிக்கின்றன. ஐந்து இருக்கைக்கு அது 275 கிலோ. வயது வந்த ஐந்து பேர் ஏறினாலே நம் வீடுகளில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். எனவே மூடை ஏற்றும் நாளில் ஆட்கள் சாரதியோடு ஒருவர் மட்டும் போதும். மூடையை நிமிர்த்தி வைக்காமல் படுக்கவைத்து, முன்னிருக்கைகளின் முதுகோடு நெருக்கி, டிக்கியின் பக்கங்களில் உள்ள கொளுக்கிகளில் பட்டியால் கட்டுங்கள். கட்டாத மூடை சடுதியான பிரேக்கில் முன்னிருப்பவரின் முதுகில் வந்து மோதும். நீளமான குழாய் ஏற்றுவதற்காக டிக்கிக் கதவைத் திறந்தபடி கயிற்றால் கட்டி ஓடுவதையும் விடுங்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உள்ளே இழுபடும், மணமும் தெரியாது. கதவு உயர்ந்திருந்தால் பின்விளக்குகளும் சில மாதிரிகளில் பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். டயர் காற்றழுத்தம் சாரதிக் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் கிலோபாஸ்கலில் இருக்கும். 230 என்றால் ஏறத்தாழ 33 பீ.எஸ்.ஐ.

கேள்வி: கடும் மழையில் நான்கு சிக்னலையும் போட்டு ஓட்டுவது சரியா? (கல்குடா வாசகர்)

பதில்: சரியில்லை. நான்கும் மின்னும்போது பெரும்பாலான கார்களில் திரும்பும் சிக்னல் வேலை செய்யாது. சந்தியில் நேரே போகிறவரின் ஒரு பக்கத்தை மட்டும் காண்பவர், அவர் திரும்பப்போகிறார் என்று எண்ணிக் காரை எடுப்பார். மழையில் டிம் லைட் போதும். ஓடவே முடியாத மழையென்றால் வீதியை விட்டு ஒதுங்கி நிறுத்தியபின் நான்கையும் போடுங்கள்.

கேள்வி: ஹலஜன் பல்பைக் கழற்றி எல்.ஈ.டி போட்டோம், ஆறு வாரத்தில் ஒன்று அணைந்துவிட்டது. விற்ற கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார். (காத்தான்குடி வாசகர்)

பதில்: பற்றுச்சீட்டு இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்பதால் தாமதிக்க வேண்டாம். 1977 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். கடைக்காரர் பற்றுச்சீட்டே தரவில்லையென்றால் அதையும் முறைப்பாட்டில் சேருங்கள்.

மாற்று பல்ப் கிடைத்தாலும் அதைப் போடச் சொல்ல மாட்டேன். ஹலஜனுக்கென்று செய்த கண்ணாடிக் கிண்ணம், இழை இருக்கும் அந்தச் சிறு இடத்திலிருந்து வரும் ஒளியைத்தான் ஒழுங்காக வீசும். எல்.ஈ.டி இன் ஒளி வேறு இடத்திலிருந்து வருவதால் சிதறி எதிரே வருபவர் கண்ணைத் தாக்கும். உங்களுக்குத் தூரத்து வீதியும் குறைவாகவே தெரியும். முன்பிருந்த வகை ஹலஜன் பல்பையே (எச்4 வகையானால் 60/55 வாற்று) திரும்பப் போட்டு, மங்கிப்போன வெளிக்கண்ணாடியைப் பொலிஷ் செய்து அதன்மேல் புற ஊதாக் காப்புப் பூச்சும் இடுவியுங்கள். பூச்சில்லாமல் பொலிஷ் மட்டும் செய்தால் சில மாதங்களில் மறுபடியும் மஞ்சளாகும்.