கரிசல் நிலத்து வீடும் கடைக்கால் விரிசலும்

கேள்வி: 1960களில் எங்கள் தாத்தா கட்டிய வீடு இது. கருங்கல் கடைக்கால், சுண்ணாம்புக் காரைச் சுவர். சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு சன்னல் மூலையிலிருந்து தரை வரை சாய்வாக விரிசல் விட்டிருக்கிறது. பார்க்க வந்த கான்ட்ராக்டர் ஒருவர், கடைக்கால் முழுவதற்கும் அடியில் கான்கிரீட் கொடுக்க வேண்டும், ஆறு லட்சம் ஆகும், பாதியை முன்பணமாகத் தாருங்கள் என்று கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டார். இன்னொருவர் சிமெண்ட் பூசினால் போதும் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: இப்போதைக்கு இருவரையுமே நம்ப வேண்டாம். இருவரும் சுவரைப் பார்த்தார்களே தவிர, மண்ணைத் தோண்டிப் பார்க்கவில்லை. உங்கள் ஊர்க் கரிசல் மழைநீரைக் குடித்து ஊதும்; கோடையில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். ஆழமில்லாத கடைக்கால் அந்த மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. வீடு முழுவதும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் பெரிய கேடில்லை. ஒரு மூலை மட்டும் அதிகமாக நனையும்போதுதான் சுவர் சாய்வாகப் பிளக்கிறது. ஆகவே அந்த மூலைக்கு மட்டும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே முதல் கேள்வி. குளியலறைக் குழாய், செப்டிக் டேங்க், மொட்டை மாடித் தண்ணீர் விழும் இடம், துணி துவைக்கும் கல் ஆகியவற்றை இந்த வாரமே பாருங்கள். கசிவை அடைத்து, வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாக ஒரு மீட்டர் அகலத்துக்குத் தளம் போட்டு, மழைநீரைச் சுவரிலிருந்து விலக்கி ஓடவிட்ட பிறகு விரிசல் அதற்கு மேல் வளராமல் நின்றுபோன வீடுகள் பல உண்டு.

விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஓரிடத்தைக் குறித்து, மாதம் ஒரு முறை அதன் அகலத்தை அளந்து வையுங்கள். மழையில் விரிந்து கோடையில் குறுகினால் அது மண்ணின் மூச்சு. குறுகாமல் விரிந்துகொண்டே போனால் கடைக்கால் அமிழ்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கதவு நிலை இறுகினாலோ, சுவர் செங்குத்திலிருந்து சாய்ந்தாலோ காத்திருக்காதீர்கள். உடனே முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.

அந்தப் பொறியாளர், வேலையை எடுத்துச் செய்யப்போகிறவராக இருக்கக் கூடாது. நோயைச் சொல்பவரே மருந்தும் விற்றால், பெரிய மருந்தைத்தான் சொல்ல நேரும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவருக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து, கடைக்காலை ஒட்டிக் குழி எடுத்து, கல் எவ்வளவு ஆழம் போகிறது, அதன் அடியில் என்ன மண் என்று பார்க்கச் சொல்லுங்கள். கூடவே மண்ணின் ஊதும் தன்மையையும் சோதிக்கலாம். உலர்த்திச் சலித்த மண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு அளவுக் குழாய்களில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் கரிசல் ஊதாது என்பதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே மண்ணின் குணத்தைச் சொல்லிவிடும்.

அதன் பிறகும் கடைக்காலுக்கு அடியில் வேலை தேவை என்று தெரிந்தால், கான்ட்ராக்டரிடம் முதலில் ஆழத்தைக் கேளுங்கள். கரிசலில் நடும் அடி விரிந்த கான்கிரீட் தூண்களுக்கு இந்தியத் தர நெறிமுறை குறைந்தது 3.5 மீட்டர் நீளம் கேட்கிறது. ஈரம் ஏறி இறங்கும் அடுக்கைத் தாண்டி ஊன்ற வேண்டும் என்பதே காரணம். பழைய கல்லுக்கு அடியில் இரண்டடி கான்கிரீட் கொடுத்தால், அந்தக் கான்கிரீட்டும் அதே மண்ணோடு ஆடும். ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாக ஊன்றினாலோ, அந்தப் பக்கம் நிலைத்து நிற்க, மற்றது ஆட, இரண்டும் சேருமிடத்தில் புதிய விரிசல் பிறக்கும். இதை எப்படிச் சமாளிப்பார் என்று விளக்க முடியாதவரிடம் வீட்டைக் கொடுக்காதீர்கள்.

தோண்டும் முறையையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளக் குழிகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் தோண்ட வேண்டும். ஒரு குழியின் கான்கிரீட் இறுகி, அதற்கும் பழைய கல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கெட்டிக் கலவையால் இடித்து அடைத்த பிறகே பக்கத்துக் குழியில் கை வைக்கலாம். வேகமாக முடிக்கிறேன் என்று சுவர் நெடுகத் தோண்டினால் வீடே விழக்கூடும். வடகிழக்குப் பருவமழையில் இந்த வேலை வேண்டாம். தை பிறந்த பின் தொடங்கட்டும்.

பாதிப் பணத்தை முன்பணமாகத் தராதீர்கள். ஒவ்வொரு குழியையும் மூடுவதற்கு முன் அளந்து, படமெடுத்து, அந்த அளவுக்குப் பணம் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கை அடுத்த மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தமும் ரசீதும் கையிலிருந்தால், வேலையில் குறை ஏற்படும்போது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம்.

சிமெண்ட் பூச்சைப் பற்றி: சுண்ணாம்புச் சுவரில் கடினமான சிமெண்டை அடைத்தால், அதை ஒட்டியே மறுபடி பிளக்கும். அசைவு நின்ற பின் சுண்ணாம்புக் காரையாலேயே அடையுங்கள்.

கேள்வி: விரிசலுக்குக் காரணம் சுவரோரம் நிற்கும் பெரிய வேம்புதான் என்கிறார்கள். வெட்டிவிடலாமா?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். வேர்கள் பல ஆண்டுகளாக உறிஞ்சி வறண்டிருக்கும் கரிசல், மரம் போனதும் தண்ணீரைக் குடித்து ஊதி, சுவரைக் கீழிருந்து தூக்கத் தொடங்கும். அந்த ஊதல் ஒரே மழையில் முடிவதும் இல்லை. மரம் வீட்டுக்கு முந்தியதா பிந்தியதா என்பதைப் பொறியாளரிடம் சொல்லுங்கள். அவருடைய முடிவு அதைப் பொறுத்து மாறும். அதுவரை கிளைகளை மட்டும் அளவாகக் கழித்துவிடுங்கள்.