மலையேற்றத்துக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் வசதியான கேமரா பை எது?

கேட்டவரிடம் இருப்பது கேனான் 200டி மார்க் 2 கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 55-250 லென்ஸ். மாதம் ஒரு மலை, வருஷத்துக்கு இரண்டு முறை குடும்பத்தோடு வெளியூர். கேமராவுக்கென்றே விற்கிற பெரிய முதுகுப்பை வாங்கலாமா என்கிறார். வேண்டாம். நான் வாங்கி மூன்று வருஷம் அவதிப்பட்டவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பாருங்கள். 200டி மார்க் 2 பேட்டரியோடு 449 கிராம். 18-55 லென்ஸ் 215 கிராம் வரும், 55-250 ஒரு 375. மொத்தமும் ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் சென்னையிலிருந்து காலையில் கிளம்பி, ஏறி இறங்கி, இரவு வீடு திரும்புகிற தூரத்தில் இருக்கும் மலைகள் பெரும்பாலும் வெயில் மலைகள், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது இல்லாமல் ஏறக் கூடாது, அதுவே மூன்று கிலோ. ஆக நீங்கள் முதுகில் சுமக்கப் போவது கேமராவை இல்லை, தண்ணீரை. கேமரா பை செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதோ என்னவோ, நான் வாங்கியது காலியாகவே கிட்டத்தட்ட இரண்டு கிலோ இருந்தது, உள்ளே முழுக்க ஸ்பாஞ்சுத் தடுப்பு, வெளியே பக்கவாட்டில் ஒல்லியாக ஒரே ஒரு வலைப்பை. அதில் ஒரு லிட்டர் பாட்டில் நுழையாது. சாப்பாட்டுக்கு இடமில்லாமல் ஒருதடவை புளியோதரைப் பொட்டலத்தை லென்ஸ் அறையில் வைத்தேன். அந்த நல்லெண்ணெய்க் கறை இன்னும் தடுப்பில் இருக்கிறது.

அப்புறம் ஒற்றை வாரில் உடம்புக்குக் குறுக்காக மாட்டுகிற ஸ்லிங் பைக்கு மாறினேன். ஊருக்குள் நடக்க அருமையான சாமான், மலைக்கு ஆகாது. பர்வதமலையில் பாறையில் கடப்பாறையை அடித்து வைத்திருக்கும் இடம் போனவர்களுக்குத் தெரியும், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஏற வேண்டும். அங்கே குனிந்ததுமே பை சரிந்து முன்னால் வந்து வயிற்றுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கையை விடவும் பயம். பின்னால் வந்த ஒரு பெரியவர், "தம்பி, அசையாம நில்லு" என்று சொல்லி, பையை முதுகுப் பக்கம் தள்ளித் தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். வெறும் காலோடு ஏறிக்கொண்டிருந்தார், அவர் கையில் ஒரு மஞ்சள் பை மட்டும்தான்.

இப்போது நான் வைத்திருப்பது சாதாரண மலையேற்றப் பை, 28 லிட்டர். உள்ளே கேமரா இன்சர்ட் என்று தனியாக விற்கும் மெத்தை வைத்த சின்னப் பெட்டி. மலைக்கு அது பைக்குள் போகும், ஊருக்குப் போனால் சூட்கேஸுக்குள் போகும். பெரிய கேமரா பைக்கென்று ஒதுக்கிய பணத்தில் இரண்டையும் சேர்த்தே வாங்கலாம்.

பை வாங்கும்போது பார்க்க வேண்டியது இடுப்பு பெல்ட்தான். 20 லிட்டர் பைகளில் பெரும்பாலும் மெல்லிய நாடாவாக ஒன்று தொங்கும், அது பை ஆடாமல் பிடிக்கும், எடையைத் தாங்காது. மெத்தை வைத்த அகலமான பெல்ட்டாக இருக்க வேண்டும், அது தொப்புள் மேல் இல்லை, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். கடையில் காலிப் பையைப் போட்டுப் பார்த்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். டெக்கத்லான் மாதிரிக் கடைகளில் கூச்சப்படாமல் அங்கிருக்கிற டம்பெல்லோ தண்ணீர் பாட்டிலோ எடுத்து ஐந்து கிலோ உள்ளே போடுங்கள். இடுப்பு பெல்ட்டை முதலில் இறுக்கி, பிறகு தோள் ஸ்ட்ராப், கடைசியில் நெஞ்சு ஸ்ட்ராப். அப்படியே கால் மணி நேரம் கடைக்குள் சுற்றுங்கள், படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்குங்கள். தோளுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவில் விரலை விட்டால் லேசாகப் போக வேண்டும். தோள் மேலேயே எடை அழுந்தினால் அந்தப் பையின் முதுகு நீளம் உங்களுக்குச் சரியில்லை, எவ்வளவு தள்ளுபடி என்றாலும் வைத்துவிட்டு வாருங்கள். இன்சர்ட் வாங்கப் போகும்போது கேமராவைக் கையோடு கொண்டு போங்கள், லென்ஸ் மாட்டியபடியே அது உள்ளே போக வேண்டும்.

இதில் ஒரு குறை உண்டு. கேமராவை எடுக்க ஒவ்வொரு தடவையும் பையை இறக்க வேண்டும், மூன்றாவது தடவைக்கு மேல் யாரும் இறக்க மாட்டார்கள். அதற்குத் தோள் ஸ்ட்ராப்பில் மாட்டுகிற கிளிப் இருக்கிறது, பீக் டிசைனின் கேப்சர்தான் பெயர் பெற்றது, அதே மாதிரி விலை குறைவானவையும் வருகின்றன. 200டி எடைக்கு நன்றாக நிற்கும். நடக்கும்போது கேமரா நெஞ்சருகில், கடினமான ஏற்றம் வந்தால் பைக்குள்.

தண்ணீர்ப் பையை, அதாவது குழாய் வைத்து உறிஞ்சுகிற பிளாடரை, கேமரா இருக்கும் அறையில் வைக்கவே வைக்காதீர்கள். எனக்கு ஒருமுறை மூடி சரியாக மூடாமல் அரை லிட்டர் உள்ளேயே இறங்கியது. லென்ஸ் பிழைத்தது என் புண்ணியம். மழைக்கும் ரெயின் கவரை மட்டும் நம்பக் கூடாது, முதுகுப் பக்கம் வழிகிற தண்ணீர் கவருக்குள் போகும். இன்சர்ட்டை ஒரு கனமான பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைச் சுருட்டி வைத்தால் போதும்.

சென்னைக்காரர்களுக்கென்று ஒன்று. பையின் உட்புறத்திலும் ரெயின் கவரிலும் தண்ணீர் புகாமலிருக்கப் பூசியிருக்கும் பாலியூரித்தேன் நம் ஊர் ஈரக்காற்றில் சில வருஷத்தில் பிசுபிசுத்து, செதில் செதிலாக உதிர ஆரம்பிக்கும். அந்தத் தூள் கேமராவில் ஒட்டினால் துடைக்கிறது பெரும்பாடு. ஈரப் பையைச் சுருட்டி வைக்காமல் நிழலில் தொங்கவிட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும். கேமராவையும் வீட்டில் பைக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள், லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறினதும் ஜெல்லை மாற்றுங்கள். வசதியிருந்தால் டிரை கேபினட் வாங்கி ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் வைக்கலாம்.

பறவைப் படம் எடுக்கிறவர்கள் கதை வேறு. வேடந்தாங்கலில் ஏரிக்கரை மேல் நடக்கத்தான் போகிறோம், 150-600 மாதிரி இரண்டு கிலோ லென்ஸ் இருந்தாலும் தோளில் மாட்டினால் போதும். பழவேற்காட்டுக்கு விடியற்காலையில் ஏசி போட்ட காரில் போனால் இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள், கண்ணாடி முழுக்கப் பனி படியும். மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வையுங்கள்.

குடும்பப் பயணத்துக்கு விமானம் என்றால், உள்நாட்டில் எகானமிக்குக் கைப்பை பொதுவாக 7 கிலோதான், கூடுதல் பேட்டரியும் பவர் பேங்கும் அதில்தான் போக வேண்டும். இரண்டு கிலோ காலிப் பை அங்கேயும் உதைக்கும். கூட்டத்துக்கு, உதாரணமாக மயிலாப்பூர் அறுபத்துமூவர் மாதிரி நாளுக்கு, முதுகுப்பையே வேண்டாம், பின்னால் இருப்பவர் கை உங்களுக்குத் தெரியாது. நான் அதே இன்சர்ட்டை ஒரு ஜோல்னா பையில் போட்டு அக்குளோடு இடுக்கிக்கொண்டு போகிறேன், கேமரா இருக்கிற மாதிரியே தெரியாது.

இவ்வளவு சொல்லியும் கேமரா பைதான் வேண்டும் என்றால், முதுகு ஒட்டுகிற பக்கம் திறக்கிற மாதிரி ஒன்றைப் பாருங்கள். கீழே வைத்துத் திறக்கும்போது ஸ்ட்ராப்பில் சேறு படாது, மின்சார ரயிலில் யாரும் பின்னாலிருந்து ஜிப்பை இழுக்கவும் முடியாது. என் பழைய பையில் அதுவும் இல்லை. இப்போது அது அலமாரி மேல் சார்ஜர், வயர் போட்டு வைக்கிற பெட்டியாக இருக்கிறது. அத்தனை தடுப்பு இருப்பதால் வயர் ஒன்றோடொன்று சிக்குவதில்லை.