‘நம்மை’ என்றால் யாரை?

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது ‘முன்குறித்தல்’ என்ற சொல்லை எந்த விளக்கமும் இல்லாமல் பயன்படுத்திவிட்டேன். யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்னதாகவே தீர்மானித்துவிட்டார் என்ற உபதேசம் அது. அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லையாதலால் வரிசையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் தம்முடையவர்களைத் தெரிந்துகொண்டார் என்கிறது எபேசியர் நிருபம். எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே அவருடைய சித்தம் என்கிறது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம். முதலாவது உண்மையானால் அது நாம் சொல்லும் தலையெழுத்துதானே? இரண்டாவது உண்மையானால் எல்லாரும் ஏன் இரட்சிக்கப்படவில்லை?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தலையெழுத்து என்று சொல்லும்போது எழுதியவர் யார், ஏன் எழுதினார் என்று நாம் கேட்பதில்லை, எழுதியாயிற்று, இனி அழிக்க முடியாது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எபேசியர் முதல் அதிகாரமோ ஒரு துதி. நான் தேடத் தொடங்கும் முன்பே என்னைத் தேடிவிட்டாரே என்று திரும்பிப் பார்த்து வியக்கும் ஒருவரின் குரல் அதில் கேட்கிறது. அந்த வசனத்தைத் தமிழில் வாசிப்பவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. கிரேக்க மொழியில் ‘நம்மை’, ‘எங்களை’ ஆகிய இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் பெயர்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு ‘நம்மைத் தெரிந்துகொண்டபடியே’ என்று கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. 1,600 ஆண்டுகளாக நடக்கும் இந்த வழக்கில் பாதிக்கு மேல், அந்த ‘நம்மை’யை ‘எங்களை’ என்று வாசித்ததால் வந்த வினை என்பது என் கருத்து.

வழக்கு தொடங்கியதும் ஒரு ஜெபத்தில்தான். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் ஆயராக இருந்த அகுஸ்தீன், தம் வாழ்க்கையை அறிக்கையிட்டு எழுதிய நூலில், ‘நீர் கட்டளையிடுவதை எனக்குத் தாரும், பின்பு நீர் விரும்புவதைக் கட்டளையிடும்’ என்று கடவுளிடம் வேண்டியிருந்தார். ரோமாபுரியில் வாழ்ந்த பெலேஜியஸ் என்ற பிரிட்டானியத் துறவி இந்த வரியை ஓர் ஆயர் எடுத்துச் சொல்லக் கேட்டுப் பொறுக்கமுடியாமல் ஏறத்தாழச் சண்டைக்கே போய்விட்டார் என்று அகுஸ்தீனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கடவுள் கட்டளையிட்டால் அதைச் செய்யும் ஆற்றல் மனிதனுக்கு இருக்கத்தானே வேண்டும், ஆற்றலையும் அவரே தர வேண்டும் என்றால் சோம்பேறிக்கு அதைவிட நல்ல சாக்கு வேறு என்ன வேண்டும் என்பது பெலேஜியஸின் வாதம். அவரை வெறும் அகங்காரியாகச் சித்திரிப்பது அநியாயம். பெயரளவுக் கிறிஸ்தவர்கள் பெருகிய ஒரு நகரத்தில் ஒழுக்கத்தை வற்புறுத்திய மனிதர் அவர். ஆனால் நல்லது எதுவென்று அறிந்தும் அதைச் செய்ய இயலாமல் தவிக்கும் ஒருவனிடம், முயற்சி செய் என்பதைத் தவிர அவரால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை. 418-ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அவருடைய போதனையைக் கண்டித்தார்கள்.

அதற்காக அகுஸ்தீன் சொன்ன எல்லாவற்றையும் திருச்சபை விழுங்கிவிடவில்லை. 529-ல் தெற்கு பிரான்சின் ஒரான்ஜ் நகரத்தில் கூடிய சிறிய சங்கம், விசுவாசிக்க வேண்டும் என்கிற முதல் விருப்பமும்கூடக் கிருபையினாலேயே, அதாவது தகுதி பாராமல் கடவுள் அருளும் தயவினாலேயே வருகிறது என்று உறுதிசெய்தது. கூடவே, எவராவது தெய்வ வல்லமையால் தீமைக்கென்று முன்குறிக்கப்பட்டிருக்கிறார் என்று சொல்பவர்கள் சபிக்கப்பட்டவர்கள் என்றும் எழுதிவைத்தது.

உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. ‘எல்லா மனுஷரும்’ என்றால் ராஜா முதல் அடிமை வரை எல்லா வகை மனிதரும் என்றுதான் பொருள் என்று அகுஸ்தீனும், 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினும் விளக்கினார்கள். இல்லை, ஒவ்வொருவரும் என்றே பொருள், கிருபையை மறுப்பவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள் என்பது மற்றத் தரப்பு. முடிவில் எல்லாரும் மீட்கப்படலாம் என்று 3ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் ஓரிகன் நம்பினார். அவருடைய பெயரோடு இணைந்த அந்தக் கருத்து 6ஆம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்டது. எனக்கு ‘எல்லா மனுஷரும்’ என்பதை ‘எல்லா வகையினரும்’ என்று சுருக்குவது வசனத்தை வலிந்து மடக்குவதாகவே படுகிறது.

கேள்வி: கால்வினிஸ்ட், ஆர்மீனியன் என்று எங்கள் இளைஞர் கூட்டத்தில் இரண்டு அணியே உருவாகிவிட்டது. ‘ஐந்து கொள்கைகள்’ கால்வின் எழுதியவையா? ஆர்மீனியர்கள் மனித முயற்சியால் இரட்சிப்பு என்கிறவர்களா?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே விடை. கால்வின் 1564-ல் இறந்தார். ஐந்து என்ற எண்ணிக்கை முதலில் எதிரணியிடமிருந்து வந்தது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த யாக்கோபஸ் ஆர்மீனியஸ் 1609-ல் மறைந்தார். அடுத்த ஆண்டு அவரைப் பின்பற்றிய போதகர்கள் ஐந்து பிரிவுகள் கொண்ட ஒரு முறையீட்டை ஹாலந்து மாகாண அரசிடம் கொடுத்தார்கள். அதற்கு எதிராக எழுதப்பட்ட பதில் என்பதால்தான் கால்வினியக் கொள்கைகளும் ஐந்து தலைப்புகளில் அமைந்தன.

அந்த முறையீட்டின் மூன்றாம் பிரிவை உங்கள் இளைஞர்கள் இரு அணியினரும் ஒரு முறை வாசிக்க வேண்டும். மனிதன் தன்னிடமிருந்தோ தன் சுயசித்தத்தின் பலத்தாலோ இரட்சிக்கும் விசுவாசத்தைப் பெற முடியாது, அவன் பரிசுத்த ஆவியால் மறுபடியும் பிறக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதைக் கால்வினே எழுதினார் என்று சொன்னாலும் நம்பிவிடலாம். தகராறு அடுத்த பிரிவில்தான் வருகிறது: முந்திக்கொண்டு வந்து கைதூக்கிவிடும் அந்தக் கிருபையை மனிதன் உதறிவிட முடியுமா, முடியாதா? முடியும் என்றார்கள் முறையீட்டார். தெரிந்துகொள்ளப்பட்டவனிடத்தில் அது கல்லான இருதயத்தையே மாற்றிவிடுவதால் அவன் மனமுவந்தே வருகிறான், ஆகவே உதறுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார்கள் மற்றவர்கள். ஒருவர் கடவுளின் நேர்மையைக் காக்க நினைத்தார், மற்றவர் கடவுளின் உறுதியைக் காக்க நினைத்தார். இருவருமே கிருபையின் கட்சிதான்.

1618 நவம்பரில், இந்த விவாதத்தைத் தீர்க்க, டோர்ட் என்றும் சொல்லப்படும் டோர்ட்ரெக்ட் நகரத்தில் சங்கம் கூடியது. இங்கிலாந்து, ஜெர்மானியப் பகுதிகள், சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களிலிருந்தும் பிரதிநிதிகள் வந்தார்கள். பிரான்சு மன்னர் தம் நாட்டுப் பிரதிநிதிகளுக்கு அனுமதி மறுத்தார். முறையீட்டார் அங்கே சக உறுப்பினர்களாக அன்றிக் குற்றம்சாட்டப்பட்டவர்களாகவே வரவழைக்கப்பட்டார்கள். எதை முதலில் விவாதிப்பது என்ற நடைமுறைச் சண்டையிலேயே வாரங்கள் கழிந்தன. 1619 ஜனவரி 14 அன்று தலைவர் போகர்மன் பொறுமையிழந்து, போங்கள் வெளியே என்று சத்தமிட்டு அவர்களை அனுப்பிவிட்டார். அவர்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதப்பட்டது. ஏறத்தாழ 200 போதகர்கள் பதவியிழந்தார்கள்.

இதில் அரசியல் எவ்வளவு என்று கேட்டால், நிறைய. ஸ்பெயினோடு சமாதானமா, போரா என்பதில் இளவரசர் மாரிட்ஸுக்கும் மூத்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட்டுக்கும் இருந்த பகை முழுவதும் இந்த விவாதத்தின் மேல் வந்து இறங்கியது. முறையீட்டாருக்கு ஆதரவாக நின்ற அந்த 71 வயது முதியவரின் தலை, சங்கம் தன் தீர்ப்பை அறிவித்த சில நாட்களிலேயே, 1619 மே 13 அன்று ஹேக் நகரத்தில் வெட்டப்பட்டது. அவருடைய கூட்டாளியான சட்ட அறிஞர் ஹ்யூகோ க்ரோஷியஸுக்கு ஆயுள் சிறை. அவருக்குப் படிக்கப் புத்தகங்கள் ஒரு பெரிய மரப்பெட்டியில் கோட்டைக்கு வந்து போய்க்கொண்டிருந்தன. 1621 மார்ச்சில் அவருடைய மனைவி மரியா அந்தப் பெட்டிக்குள் கணவரையே படுக்கவைத்துப் பூட்டி அனுப்பிவிட்டார். தூக்கிய சிப்பாய்களில் ஒருவன், என்ன இவ்வளவு கனம், ஆர்மீனியன்தான் உள்ளே இருக்கிறானோ என்று கேட்க, ஆர்மீனியப் புத்தகங்கள்தான் என்று அந்த அம்மாள் கூசாமல் சொன்னதாக ஒரு கதை வழங்கிவருகிறது.

டோர்ட் தீர்ப்பைக் குறைத்தும் மதிப்பிட வேண்டாம். கிறிஸ்துவின் மரணம் உலகம் முழுவதின் பாவத்துக்கும் மிகுதியாகப் போதுமானது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அதன் பலன் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைச் சேர வேண்டும் என்பதே கடவுளின் நோக்கம் என்பது அடுத்து வரும் வரையறை. உங்கள் கூட்டத்தில் இரண்டாவதை மட்டும் உரக்கச் சொல்கிறார்கள் என்று ஊகிக்கிறேன்.

கேள்வி: கத்தோலிக்கர்களுக்குள் இந்த விவாதமே எழவில்லையா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: எழுந்தது, அதுவும் பலமாக. கிருபை எப்படிச் செயல்படுகிறது என்பது பற்றி டொமினிக்கன் சபையின் பாஞ்ஞெஸ் தரப்புக்கும் இயேசு சபையின் மோலினா தரப்புக்கும் ஏற்பட்ட மோதலை விசாரிக்க ரோமில் ஒரு குழு 1597 முதல் 1607 வரை உட்கார்ந்தது. கடைசியில் பாப்பரசர் ஐந்தாம் பவுல் இரண்டு பக்கத்தையும் கண்டிக்காமல், ஒருவரையொருவர் பதிதர், அதாவது விசுவாசத்துக்கு விரோதமானவர் என்று ஏசக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். தீர்ப்பே சொல்லாத அந்தத் தீர்ப்பை டோர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பாப்பரசர் கெட்டிக்காரர் என்றே தோன்றுகிறது.

கேள்வி: வைணவத்தில் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதானே?
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: பாதிவரை ஒன்று. தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி வடகலையின் உவமை என்றும், தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி தென்கலையின் உவமை என்றும் சொல்வார்கள். சரணாகதியில் சீவனின் பங்கு என்ன என்ற அளவில் ஆர்மீனியஸும் டோர்ட் சங்கத்தாரும் உடனே நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் கவ்வப்படாத குட்டி என்ன ஆயிற்று என்ற கேள்வியை நம் ஆசாரியர்கள் விவாதத்தின் நடுவில் வைக்கவில்லை. ஐரோப்பாவில் அந்தக் கேள்விதான் எல்லாரையும் தூங்கவிடாமல் செய்தது. என்றென்றைக்கும் முத்தி இல்லாத சீவர்கள் உண்டு என்ற கருத்துக்கு இங்கே இணை தேடினால் துவைத மதத்தின் ஆசாரியரான மத்வரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: என் தாத்தாவும் பாட்டியும் சுவிசேஷத்தைக் கேட்காமலே இறந்தவர்கள். என் முதல் குழந்தை பிறந்து மூன்றாம் நாள், ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே இறந்துவிட்டது. தெரிந்துகொள்ளப்பட்ட குழந்தையா என்று யாராலும் சொல்ல முடியாது என்று ஒரு போதகர் என்னிடம் சொன்னார். நான் என்ன நினைத்துக்கொள்ள வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்த பிறகே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் தாத்தா, பாட்டியைப் பற்றி. திருச்சபைக்கு வெளியே இருப்போருக்கு நித்திய ஜீவன் இல்லை என்று 1442-ல் புளோரன்ஸ் சங்கம் எழுதியது உண்மை. அதே கத்தோலிக்கத் திருச்சபை 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தங்கள் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி நடக்க முயல்பவர்களும் மீட்பை அடையக்கூடும் என்று எழுதியதும் உண்மை. சீர்திருத்தச் சபைகளின் பக்கம் இன்னும் வியப்பான ஒன்று உண்டு. சூரிச்சின் சீர்திருத்தவாதி ஸ்விங்லி, 1531-ல் பிரான்சு மன்னருக்காக எழுதிய விசுவாச விளக்கத்தில், பரலோகத்தில் மன்னர் சந்திக்கப்போகிறவர்களின் வரிசையில் ஆதாம், ஆபேல், பேதுரு, பவுல் ஆகியோரோடு சாக்ரட்டீசையும் சேர்த்தார். லூத்தர் இதைக் கண்டு கொதித்தார். ஆனால் ஸ்விங்லி இதற்கு ஆதாரமாகக் கொண்டது முன்குறித்தலையேதான்: தெரிந்துகொள்வது கடவுளின் சுதந்தரம் என்றால், சுவிசேஷம் போய்ச் சேராத இடத்திலும் அவர் தமக்குரியவர்களைத் தெரிந்துகொள்ளலாமே, அதற்கு எல்லை போட நாம் யார்? எந்த உபதேசத்தை உங்கள் முன் கதவாகச் சாத்தினார்களோ, அதை அவர் வாசலாகத் திறந்துவைத்தார்.

இனி, குழந்தை. ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, அது மிக லேசானதாக இருக்கும் என்று அகுஸ்தீன் எழுதினார். அவர் எழுதியவற்றில் என்னால் ஏற்கவே முடியாதது அது. கத்தோலிக்கத் தரப்பில் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007-ல், அத்தகைய குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்புவதற்கு உறுதியான காரணங்கள் உண்டு என்று சொல்லிவிட்டது. உங்களுக்குப் பதில் சொன்ன போதகர் டோர்ட் வழிவந்தவராக இருந்தால், டோர்ட் தீர்ப்பின் முதல் தலைப்பில் 17ஆம் பிரிவை அவர் திருப்பிப் பார்க்கட்டும். குழந்தைப் பருவத்திலேயே கடவுள் அழைத்துக்கொண்ட தங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்பதிலும் இரட்சிக்கப்பட்டவர்கள் என்பதிலும் பக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்பட வேண்டாம் என்று அந்தக் கண்டிப்பான மனிதர்கள்தான் எழுதிவைத்தார்கள். அமெரிக்காவின் வட பகுதிப் பிரஸ்பிட்டேரியன் சபை 1903-ல் இதை இன்னும் விரித்து, குழந்தைப் பருவத்தில் இறக்கும் எல்லாருமே கிருபையின் தெரிந்துகொள்ளுதலுக்கு உட்பட்டவர்கள் என்று அறிவித்தது.

கால்வினும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். குழந்தை இறந்துவிடுமோ என்று பயந்து மருத்துவச்சிகள் அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுப்பதை அவர் எதிர்த்தார். நம் குழந்தைகள் பிறக்கும் முன்பே கடவுள் அவர்களைத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கும்போது, தண்ணீர் படவில்லை என்பதால் அவர்கள் அழிந்துபோவார்கள் என்று பயப்படுவது அவருடைய வாக்குத்தத்தத்தை அவமதிப்பதாகும் என்பது அவர் சொன்ன காரணம்.

அவர் இந்தத் துக்கத்துக்கு வெளியே நின்று இதைச் சொன்னவரும் அல்லர். 1542 ஜூலையில் அவருடைய மனைவி இடலெத்துக்கு ஒரு மகன் குறைமாதத்தில் பிறந்தான், பெயர் ஜாக். அதிக நாள் இருக்கவில்லை. ஆகஸ்டில் நண்பர் வீரேவுக்கு எழுதிய கடிதத்தில் கால்வின் அதைச் சில வரிகளில் சொல்லி நிறுத்திவிடுகிறார்: எங்கள் குழந்தையின் மரணத்தில் ஆண்டவர் எங்களுக்குக் கடுமையான, கசப்பான காயத்தை உண்டாக்கியிருக்கிறார். ஆனாலும் அவரும் தகப்பன். தம் பிள்ளைகளுக்கு எது தேவை என்று அவருக்குத் தெரியும்.