இன்ஜினை அணைத்த பிறகும் ஓடும் ஃபேன்

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் பழைய கார் விற்கும் கடை ஒன்றில் எட்டு வருடப் பெட்ரோல் கார் வாங்கினேன். வெயிலில் ஓட்டிவந்து நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் மூன்று, நான்கு நிமிடம் சத்தமாகச் சுற்றுகிறது. ஒரு நாள் காலை பேட்டரியும் இறங்கிக் கிடந்தது. மெக்கானிக், "ஃபேன் மோட்டார், சென்சார் இரண்டையும் மாற்ற வேண்டும், ஒன்பதாயிரம் ஆகும். வேண்டாமென்றால் ஃபேனை டைரக்ட் செய்து, சென்சார் இல்லாமல் நீங்களே போட்டு அணைக்க ஒரு சுவிட்ச் வைத்துத் தருகிறேன்" என்கிறார். எதைச் செய்வது? (திருச்சி வாசகர்)

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள்.

அடுப்பை அணைத்ததும் தோசைக்கல் ஆறிவிடுகிறதா? இன்ஜினும் அப்படித்தான். அணைத்த கணத்தில் வாட்டர் பம்ப் நின்றுபோகிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் நீரான கூலன்டின் ஓட்டமும் நிற்கிறது. ஆனால் இரும்புக்குள் இருக்கும் சூடு எங்கும் போய்விடவில்லை. தேங்கிய கூலன்டில் அது இறங்குவதால், ஓடும்போது இருந்ததைவிடச் சில நிமிடங்களுக்கு வெப்பம் கூடவே செய்யும். அதைப் பார்த்துத்தான் சென்சார் ஃபேனை ஓடவிடுகிறது. ஏறத்தாழ நூறு டிகிரி செல்சியஸில் ஓடத் தொடங்கி, சில டிகிரி குறைந்ததும் நின்றுவிடும். சித்திரை வெயிலில், ஏசி போட்டு, நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டியில் ஐந்து நிமிடம் ஓடினாலும் நான் கவலைப்பட மாட்டேன். சாவியை எடுத்தவுடன் ஃபேனும் நிற்கும்படி அமைத்த கார்களும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக் காரோடு ஒப்பிடாமல், உங்கள் வண்டியின் கையேட்டைப் புரட்டுங்கள்.

பேட்டரி இறங்கியதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஃபேன் 15 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு நிமிடத்துக்குச் செலவாவது ஒரு ஆம்பியர்-மணி. சிறிய காரில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. நல்ல பேட்டரிக்கு இது ஒரு செலவே இல்லை. ஆகவே பேட்டரிக்கே வயதாகியிருக்க வேண்டும், அல்லது வேறு ஏதோ மின்சாரத்தை இழுத்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் தூங்கிய பிறகு ஃபேன் மறுபடி சுற்றியிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான கோளாறு. இரண்டு, மூன்று நாள், வண்டியை நிறுத்தி அரை மணி கழித்து ஒரு தடவை, காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஒரு தடவை போய், ஃபேன் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஆறிய இன்ஜினில், சாவியும் இல்லாமல் ஃபேன் ஓடினால் முதல் சந்தேகம் ரிலே மீது, அதாவது ஃபேனுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சிறு மின்சுவிட்ச் மீது. உள்ளே இருக்கும் தொடுமுனைகள் பொரிந்து ஒட்டிக்கொண்டால் அது விடாது.

சோதிப்பது எளிது. பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்புப் பெட்டி. மூடியின் உட்புறத்தில் எது எந்த ரிலே என்று படம் போட்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபேன் ரிலேயைப் பிடுங்குங்கள். நின்றால், அதே எண் உள்ள ஹார்ன் ரிலேயை அந்த இடத்தில் செருகிப் பாருங்கள். ஃபேன் அசையாமல் இருந்தால் குற்றவாளி பழைய ரிலே. சில நூறு ரூபாயோடு முடிந்தது. மறுபடி சுற்றினால், சென்சாரையோ வயரிங்கையோ எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். ரிலேயைப் பிடுங்கியும் ஃபேன் நிற்கவில்லையென்றால், உங்களுக்கு முன் வைத்திருந்தவர் ஏற்கெனவே 'டைரக்ட்' செய்திருக்கலாம்! இதையெல்லாம் செய்யும்போது விரல் ஃபேன் பக்கம் போகவே கூடாது; சாவி கையில் இருந்தாலும் அது திடீரென்று கிளம்பும்.

அந்த டைரக்ட் சுவிட்சைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். என் பழைய காரில் ஒருவர் இப்படித்தான் வைத்துக்கொடுத்தார். இரண்டு மாதம் நினைவாகப் போட்டேன். ஒரு மதியம் மறந்து, சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது முள் சிவப்பில் இருந்தது. இன்ஜினின் மேல்பகுதியை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போனது. மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தைப்போல் பல மடங்கு அழுதேன்.

இன்னொன்று. முன்பு நிற்கும் நேரத்தைவிட இப்போது கூடுதலாக ஓடுகிறதென்றால் கூலன்டைப் பாருங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, வெள்ளை டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட் செங்காவி நிறத்தில் இருந்தால், யாரோ போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கலாம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அப்படியானால் அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்திருக்கும்.

கேள்வி: என்னுடையது 2021 டீசல் கார். சில நாட்களில் மட்டும், குளிர்ந்த இரவில்கூட, அணைத்த பிறகு ஃபேன் முழு வேகத்தில் சத்தமிடுகிறது. எரிந்த வாடையும் வருகிறது. (கோவை வாசகர்)

பதில்: 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை வண்டி அவ்வப்போது சுமார் 600 டிகிரியில் தானே எரித்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து நீங்கள் வீட்டு வாசலில் அணைத்திருப்பீர்கள்; அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ஃபேன் சுற்றுகிறது, வாடையும் அதனால்தான். எப்போதாவது என்றால் பரவாயில்லை. தினமும் மூன்று கிலோமீட்டர் ஓட்டம் மட்டும் என்றால் எரிப்பு முடியாமலே போய், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை அவினாசி சாலையைத் தாண்டி நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள்.

கேள்வி: விற்ற கடை, "பழைய வண்டி, எங்களுக்குப் பொறுப்பில்லை" என்கிறது. வழக்குப் போடலாமா? (அதே திருச்சி வாசகர்)

பதில்: ரிலேக்காகப் போடாதீர்கள். மறைத்து விற்ற பெரிய கோளாறு என்று தெரிந்தால் போடலாம். விற்பதையே தொழிலாகக் கொண்ட கடை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மசியாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ரசீது, விளம்பரத்தின் படம், வேறொரு பட்டறையில் எழுதி வாங்கிய அறிக்கை மூன்றும் கையில் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகத்தை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு வராதீர்கள்.